எண்களால் மூட்டிய தீ



விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தி, ஏழாம் வகுப்பு படிப்பவள், கம்ப்யூட்டரில் ஒரு வேடிக்கை காட்டினாள். எழுத்துகள் மட்டுமே தெரியும் 'டெர்மினல்' என்ற கறுப்புத் திரை அது. கட்டளை ஒன்றைத் தட்டியதும், புள்ளியும் நட்சத்திரமுமாகத் தீ கொழுந்துவிட்டு எரிந்தது. "நல்லா இருக்கு இல்ல தாத்தா? ஆனா எப்படின்னு கேக்காதீங்க. எனக்குத்தான் கணக்கு வராதே" என்றாள். அந்தக் கடைசி வார்த்தை என்னை உறுத்தியது. அதனால்தான் இந்தப் பாடம்.

அந்த நிரலின் பெயர் 'ஏஏஃபயர்'. செக் நாட்டைச் சேர்ந்த யான் ஹூபிச்காவும் நண்பர்களும் 1990களில் உருவாக்கிய 'ஏஏலிப்' தொகுப்போடு வருவது. லினக்ஸ் உள்ள கம்ப்யூட்டரில் இலவசமாகவே கிடைக்கும். படத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ற எழுத்தைத் தேர்ந்தெடுத்துத் திரையில் வைப்பதே அத்தொகுப்பின் வேலை.

இவ்வகைத் தீயின் சூட்சுமம் கூட்டலும் வகுத்தலும் கழித்தலும்தான். கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். அதுவே அந்த இடத்தின் சூடு. அடிவரியில் ஐந்து எண்கள் எழுதுவோம்: 0, 9, 9, 3, 0. அதுதான் அடுப்பு.

மேல் வரிக்கு விதி இது. ஒரு கட்டத்துக்கு நேர் கீழே உள்ள எண், அதன் இடப்பக்கத்து எண், வலப்பக்கத்து எண் மூன்றையும் கூட்டுங்கள். 3ஆல் வகுத்து, மீதியை விட்டுவிடுங்கள். வந்ததில் 1 கழியுங்கள். 0க்குக் கீழே போனால் 0 என்றே எழுதுங்கள். ஓரத்துக்கு வெளியே இருப்பது 0.

நடுக்கட்டத்தைப் பார்ப்போம். 9, 9, 3 கூட்டினால் 21. 3ஆல் வகுத்தால் 7. 1 கழித்தால் 6. இப்படியே மேலே போனால் கிடைப்பது:

0 1 1 0 0
1 3 3 2 0
2 5 6 3 0
0 9 9 3 0

இதற்கு மேல் எல்லாம் 0. இனி 0க்கு வெற்றிடம், 1, 2க்குப் புள்ளி, 3, 4க்கு முக்காற்புள்ளி, 5, 6க்கு நட்சத்திரம், அதற்கு மேல் # என்று போட்டுப் பாருங்கள். அடி தடித்து நுனி மெலிந்த சுடர் தெரியும்.

அந்த 1 என்பது சூடு ஆறுவதற்கான கணக்கு. 2 கழித்தால் சுடர் ஒரு வரி குட்டையாகிவிடும். ஒன்றுமே கழிக்காவிட்டால் தீ உயரே போய்விடும்.

சரி, சுடர் ஆடுவது எப்படி? கம்ப்யூட்டர் அடிவரி எண்களை ஒவ்வொரு முறையும் குலுக்கல் போலப் புதிதாக மாற்றிவிடுகிறது. மற்ற வரிகள் முந்தைய படத்தில் தமக்குக் கீழிருந்த எண்களைக் கொண்டு தம்மை மாற்றிக்கொள்கின்றன. ஆகவே சூடு ஒரு முறைக்கு ஒரு வரி ஏறுகிறது. இது நொடிக்குப் பல முறை நடப்பதால் நம் கண்ணுக்குத் தீயாகத் தெரிகிறது. அடிவரியை மாற்றாமல் விட்டால் சுடர் சிலைபோல் நின்றுவிடும். வீட்டில் பகடை உருட்டியே இதைச் செய்யலாம்: இரட்டை விழுந்தால் 9, ஒற்றை விழுந்தால் 0.

1980களில் நான் ரயில்வேயில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது நீராவி எஞ்சின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. ஃபயர்மேன் நெருப்பின் நிறத்தைப் பார்த்தே எந்த மூலையில் கரி குறைவு என்று சொல்லிவிடுவார். டிப்ளமா படித்த எனக்கோ எல்லாம் ஒரே தீயாகத்தான் தெரிந்தது. அவர் என்னைப் பக்கத்தில் நிறுத்தி ஒவ்வொன்றாகக் காட்டிய பிறகே புரிந்தது. 'வராது' என்று நம் பிள்ளைகள் சொல்வதில் பாதி, யாரும் பக்கத்தில் உட்கார்ந்து காட்டாததுதான்.

பேத்தியும் நானும் அன்று இரவு நோட்டில் ஆறு படங்கள் போட்டோம். நான்காவது படத்தில் ஒரு பக்கம் தீ விநோதமாக உயர்ந்தது. "இந்தக் கட்டத்துல ஒண்ணு கழிக்க மறந்துட்டீங்க தாத்தா" என்றாள், கணக்கு வராத என் பேத்தி.