நாஸ் பெட்டியில் டிஸ்க் இமேஜ், திரையில் கர்னல் பேனிக்: பயனுள்ள குறிப்புகள்

வீட்டு மேக் கணினியின் பேக்கப்பையும் குடும்பப் படங்களையும் நாஸ் (நெட்வொர்க் வழி இணையும் சேமிப்பகம்) பெட்டியில் டிஸ்க் இமேஜாக வைத்திருப்பவர்களுக்கு இப்படி நேர்வதுண்டு: இமேஜைத் திறந்த சற்று நேரத்தில் கணினி உறைந்து, தானாகவே அணைந்து, மறுபடி எழுந்து, ஒரு பிரச்சினையால் மறுபடி துவக்கப்பட்டதாகத் திரையில் சொல்லும். இதுதான் கர்னல் பேனிக். உடனே ரிப்பேரில் இறங்காதீர்கள். கோளாறு இமேஜிலா, நெட்வொர்க்கிலா, நாஸ் டிஸ்கிலா என்று தெரியாமல் கை வைத்தால், மிஞ்சியிருக்கும் நல்ல தரவும் போய்விடக்கூடும்.

1. முதலில் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையையும் நிறுத்துங்கள். அதன்பின் கணினி தொல்லையின்றி ஓடினால் சந்தேகம் நாஸ் பக்கம் திரும்புகிறது. லாகின் ஐட்டம்ஸ் பட்டியலில் நாஸ் ஷேரோ இமேஜோ தானாகத் திறக்கும்படி இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறை துவங்கும்போதும் அதே பள்ளத்தில்தான் விழும்.

2. கேபிளைக் கழற்றியும் கணினி விழுகிறதா? சேஃப் மோடில் துவக்கிப் பாருங்கள். இன்டெல் மேக்கில் துவங்கும்போதே ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆப்பிள் சிப் உள்ள மேக்கில் பவர் பட்டனை விடாமல் அழுத்தி, டிஸ்க் பட்டியல் வந்ததும் உங்கள் டிஸ்கைத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்டை அழுத்தியபடி சேஃப் மோடில் தொடரும் பட்டனைச் சொடுக்க வேண்டும். அங்கே நன்றாக ஓடினால், பிற நிறுவனங்களின் பழைய எக்ஸ்டென்ஷன்களைச் சந்தேகியுங்கள்.

3. கன்சோல் செயலியில் பேனிக் அறிக்கையைத் திறந்து படியுங்கள். முழுதும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. எஸ்எம்பி என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்தால் நெட்வொர்க் பகிர்வையும், ஏபிஎஃப்எஸ் அல்லது எச்எஃப்எஸ் வந்தால் ஃபைல் சிஸ்டத்தையும் முதலில் ஆராயலாம். இது தடயம்தான், தீர்ப்பு அல்ல. ஆகவே ஒரே ஓர் அறிக்கையை நம்பாமல் இரண்டு மூன்றை ஒப்பிடுங்கள்.

4. ரிப்பேருக்கு முன் இமேஜை நகலெடுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். முடிந்தால் நாஸ் பெட்டியின் சொந்த ஃபைல் மேனேஜரிலேயே நகலெடுங்கள், தரவு நெட்வொர்க்கில் பயணிக்க வேண்டியிருக்காது. மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின் பயன்படுத்தும் ஸ்பார்ஸ் பண்டில் என்ற இமேஜ் வகை, ஃபைண்டரில் ஒரே கோப்பாகத் தெரியும். உண்மையில் அது ஒரு ஃபோல்டர். பேண்டு எனும் துண்டுகளாகத் தரவு உள்ளே கிடக்கும். ஒரு துண்டு 8 எம்பி என்றால், 500 ஜிபி தரவுக்கு ஏறத்தாழ 62,500 துண்டுகள். நகலில் ஒரு துண்டு விடுபட்டாலும் இமேஜ் திறக்காமல் போகலாம். எனவே அளவையும் கோப்பு எண்ணிக்கையையும் சரிபாருங்கள்.

5. அந்த நகலை யூஎஸ்பி டிஸ்கில் போட்டு, நாஸ் தொடர்பே இல்லாமல் திறந்து பாருங்கள். அப்போதும் கணினி விழுந்தால் இமேஜுக்குள்தான் சேதம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். விழாவிட்டால் நெட்வொர்க்கையும் நாஸையும் பாருங்கள். மணிக்கணக்கில் அனுமானிப்பதைவிட இந்த ஒரு சோதனை அதிகம் சொல்லும்.

6. சேதம் இமேஜில் என்றால், டிஸ்க் யுடிலிட்டியில் ஃபர்ஸ்ட் எய்டை நகலில் மட்டும் ஓட்டுங்கள். முதலில் வால்யூம், அடுத்து கன்டெய்னர், கடைசியில் டிஸ்க். திறக்க முடிந்தவுடன் முக்கியமான கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றுங்கள். ரிப்பேர் ஆன இமேஜையே தொடர்ந்து பயன்படுத்த வேண்டாம், புதிதாக ஒன்றை உருவாக்குங்கள்.

7. நம்பகத்தன்மைக்காகப் புதிய பேக்கப் தொடங்க வேண்டும் என்று டைம் மெஷின் கேட்டால் உடனே சம்மதிக்காதீர்கள். சம்மதித்தால் பழைய பேக்கப் வரலாறு அழியும். பிறகு செய்யலாம் என்று தள்ளிவைத்து, பழைய ஸ்பார்ஸ் பண்டிலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தியபின் புதியதைத் தொடங்குங்கள்.

8. வைஃபையில் இமேஜைத் திறந்து எழுதுவதைத் தவிருங்கள். இமேஜ் திறந்திருக்கும்போது இயங்குதளம் அதை நிஜ டிஸ்க் என்றே நம்புகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால், பாதி எழுதிய நிலையில் ஃபைல் சிஸ்டம் நிற்கும். லேப்டாப்பை மூடுமுன் முதலில் இமேஜையும் பிறகு ஷேரையும் எஜெக்ட் செய்யுங்கள். ஒரே இமேஜை இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் திறக்கவே கூடாது.

9. நாஸில் காலியிடம் எவ்வளவு என்று பாருங்கள். இமேஜ் தன்னிடம் 1 டிபி இருப்பதாகக் காட்டலாம். ஆனால் அது எழுத எழுதத்தான் வளரும். நாஸ் நிரம்பிவிட்டால் எழுதுவது நடுவிலேயே நின்றுபோகும். டைம் மெஷின் ஷேருக்கு ஒரு கோட்டா வையுங்கள். நாஸ் டிஸ்கின் ஸ்மார்ட் அறிக்கையில் கெட்ட செக்டர்கள் கூடிக்கொண்டே போனால் அந்த டிஸ்கை மாற்ற வேண்டியதுதான்.

10. யூபிஎஸ்ஸை நாஸுக்கு மட்டும் போடாமல் ரவுட்டருக்கும் சுவிட்ச்சுக்கும் சேர்த்துப் போடுங்கள். மின்வெட்டில் நாஸ் ஓடியும் ரவுட்டர் அணைந்தால் இணைப்பு அறுவது அறுவதுதான்.

11. ஃபோட்டோஸ் லைப்ரரியை நெட்வொர்க் டிஸ்கில் வைக்க வேண்டாம் என்று ஆப்பிளே எச்சரிக்கிறது. இமேஜுக்குள் போட்டு நாஸில் வைப்பதும் அதே ஆபத்துதான். லைப்ரரி யூஎஸ்பி டிஸ்கில் இருக்கட்டும், அதன் நகல் மட்டும் நாஸுக்குப் போகட்டும்.