மின்சார மகிழுந்து எவ்வளவு தூரம் செல்லும்?

தீபாவளி விடுமுறைக்காகக் கோலாலம்பூரில் வசிக்கும் ஒரு குடும்பம் ஜொகூர் பாருவில் உள்ள தாத்தா வீட்டிற்குப் புறப்படுவதாகக் கொள்வோம். தூரம் ஏறத்தாழ 330 கிலோமீட்டர். அவர்களின் மின்சார மகிழுந்தில் 60 கிலோவாட் மணி கொள்ளளவுடைய மின்கலன் உள்ளது. அதனை முழுமையாக மின்னேற்றினால் 420 கிலோமீட்டர் செல்லலாம் என விளம்பரம் கூறுகிறது. ஆகவே, வழியில் எங்கும் நிற்கத் தேவையில்லை என அவர்கள் நம்புகின்றனர். நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் சென்று ஆயர் ஹீத்தாமை நெருங்குகின்றனர். இன்னும் 60 கிலோமீட்டருக்கே மின்சாரம் உள்ளது எனத் திரை காட்டுகிறது. செல்ல வேண்டிய தூரமோ ஏறத்தாழ 90 கிலோமீட்டர்! விளம்பரம் பொய் சொன்னதா?

இல்லை. விளம்பரத்தில் காணப்படும் எண், ஆய்வுக்கூடச் சோதனையில் பெறப்பட்டது. மகிழுந்தை உருளைகளின்மேல் நிறுத்தி, முன்கூட்டியே வகுக்கப்பட்ட வேகங்களில் சக்கரங்களைச் சுழலச் செய்து சோதிப்பார்கள். இன்று பரவலாக வழங்கும் ‘டபிள்யூ.எல்.டி.பி.’ சோதனையில் அறையின் வெப்பநிலை 23 பாகை செல்சியஸ், குளிரூட்டி இயங்காது. சராசரி வேகம் மணிக்கு 47 கிலோமீட்டரைக்கூட எட்டாது. முன்பு வழக்கிலிருந்த ‘என்.இ.டி.சி.’ சோதனையில் அவ்வேகம் இன்னும் குறைவு. அதனால்தான் 60.48 கிலோவாட் மணி மின்கலனைக் கொண்ட பி.ஒய்.டி. அட்டோ 3 மகிழுந்துக்கு, பழைய சோதனை 480 கிலோமீட்டர் என்றும், புதிய சோதனை 420 கிலோமீட்டர் என்றும் கூறுகின்றன. மகிழுந்து ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு.

நெடுஞ்சாலையில் மின்சாரத்தை மிகுதியாக விழுங்குவது காற்றின் எதிர்ப்பாகும். வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 110 கிலோமீட்டருக்கு வேகத்தை உயர்த்தினாலே, அவ்வெதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும்.

பெட்ரோல் மகிழுந்துக்கும் இதே காற்றுதானே எதிர்நிற்கிறது? ஆம். எனினும், ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 கிலோவாட் மணி ஆற்றல் அடங்கியுள்ளது. அவ்வாறெனில், 60 கிலோவாட் மணி மின்கலனில் இருப்பது 7 லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவான ஆற்றலே. அதைக் கொண்டே மின்சார மகிழுந்து 300 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுவது வியப்புக்குரியது. பெட்ரோல் இயந்திரம் தான் பெறும் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வெளியேற்றிவிடுகிறது. மின்னோடியோ பெரும்பகுதியை இயக்கமாக மாற்றுகிறது. வீணாவது குறைவு என்பதால்தான், வேகத்தால் கூடும் ஒவ்வொரு சிறு செலவும் திரையில் உடனே தெரிகிறது.

நகரச் சாலையில் நிலைமை வேறு. அங்கு வேகம் குறைவு. காற்றின் எதிர்ப்பும் குறைவு. மேலும், வேகத்தைக் குறைக்கும்போதும் மலைச்சரிவில் இறங்கும்போதும் மின்னோடியே மின்னாக்கியாகச் செயல்பட்டு, ஆற்றலின் ஒரு பகுதியை மின்கலனுக்குத் திருப்பி அனுப்புகிறது. கெந்திங் மலைக்கு ஏறும்போது செலவான மின்சாரத்தில் ஒரு பங்கு, இறங்கும்போது மீண்டும் கிடைக்கிறது. நெரிசலில் சிக்கினாலும் அஞ்ச வேண்டியதில்லை. குளிரூட்டிக்கு 1.5 கிலோவாட் மின்சாரம் தேவைப்பட்டால், இரண்டு மணி நேரத்தில் செலவாவது 3 கிலோவாட் மணிதான். அது மேற்கூறிய மின்கலனில் 5 விழுக்காடு மட்டுமே. பனிக்காலமுள்ள நாடுகளில் வாகனத்தின் உட்புறத்தைச் சூடாக்க இதைவிட அதிக மின்சாரம் செலவாகும். அவ்வகையில் நம் நாட்டுத் தட்பவெப்பம் நமக்குச் சாதகமானதே.

எனவே, பயணத்திற்கு முன் அறிய வேண்டிய எண் ஒன்று உண்டு. 100 கிலோமீட்டர் செல்ல எத்தனை கிலோவாட் மணி செலவாகிறது என்பதே அது. மின்கலனின் கொள்ளளவை அவ்வெண்ணால் வகுத்து 100ஆல் பெருக்கினால் செல்லக்கூடிய தூரம் கிடைக்கும். 110 கிலோமீட்டர் வேகத்தில் 20 கிலோவாட் மணி செலவாகுமானால், அக்குடும்பம் 300 கிலோமீட்டரே செல்ல முடியும். 90 கிலோமீட்டர் வேகத்தில் 16 கிலோவாட் மணி செலவாகுமானால், 375 கிலோமீட்டர் செல்லலாம். மூன்று மணி நேரப் பயணம் 40 நிமிடம் நீளும். ஆனால், வீடு வந்து சேரும்போது 45 கிலோமீட்டருக்கான மின்சாரம் எஞ்சியிருக்கும். விரைந்து செல்ல விரும்பினால், ஆயர் ஹீத்தாமை அடையும் முன்பே ஓரிடத்தில் நின்று மின்னேற்றிக்கொள்வது அறிவுடைமை.

‘ஆழமறியாமல் காலை விடாதே’ என்பர் பெரியோர். விளம்பர எண்ணை மட்டும் நம்பிப் புறப்படுபவர் நடுவழியில் தவிப்பார். அவ்வெண் எப்படிப் பிறந்தது என்பதை அறிந்து கணக்கிடுபவரோ, தீபாவளி விளக்கேற்றும் நேரத்திற்குள் தாத்தா வீட்டு வாசலில் நிற்பார்.