இந்த வருடத்து எண்ணை விட்டுவிடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய சொத்துவரி மதிப்பு நோட்டீஸைப் பார்த்தேன். போன ஆகஸ்டில் ஃப்ரிஸ்கோவில் வாங்கிய வீட்டுக்கு இத்தனை மதிப்பா என்று அரண்டுபோயிருக்கிறாய். 'விசாவில் இருக்கிறோம், கவுண்டியோடு எதற்கு வம்பு, வரியைக் கட்டிவிடலாம்' என்கிறாராமே மாப்பிள்ளை. அந்தப் பயத்தை முதலில் விடச் சொல். அந்த மதிப்பை எதிர்த்து ப்ரோட்டஸ்ட் செய்வது டெக்சஸ் சட்டம் வீட்டுக்காரருக்குத் தந்திருக்கும் உரிமை. கட்டணம் கிடையாது, படிவத்தில் விசாவைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. கேட்கப்போய் ஏற்றிவிடுவார்களோ என்ற கவலையும் வேண்டாம். ப்ரோட்டஸ்டை விசாரிக்கும் ரிவ்யூ போர்டு நோட்டீஸில் உள்ள மதிப்புக்கு மேல் போக முடியாதபடி 2020 முதல் சட்டம் இருக்கிறது.

ஏன் இப்படி எகிறியது தெரியுமா? குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் சலுகை இருந்தால், புதிதாகக் கட்டிச் சேர்த்தால் ஒழிய, வரிக்கான மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது. முந்தைய உரிமையாளருக்கு இருந்த அந்த வரம்பு வீடு கைமாறியதும் போய்விட்டது. உனக்கு அது அடுத்த வருடம்தான் தொடங்கும், அதுவும் இந்த வருடத்து எண்ணை அடிப்படையாக வைத்து. அதனால்தான் சொல்கிறேன், வேறு எந்த வருடம் சோம்பினாலும் இந்த வருடம் சோம்பாதே.

ஹோம்ஸ்டெட் படிவம் கொடுத்தாயா? பள்ளி வரிக்கான மதிப்பில் 1,40,000 டாலர் கழியும். 2025 நவம்பர் வாக்கெடுப்புக்கு முன் அது 1,00,000 ஆக இருந்தது. டிரைவிங் லைசென்ஸில் புது முகவரி இருக்க வேண்டும். 'நாங்கள் போட்டுத்தருகிறோம்' என்று காசு கேட்டு வரும் கடிதங்களைக் குப்பையில் போடு.

ப்ரோட்டஸ்டுக்குக் கெடு மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், இரண்டில் எது பிந்தியதோ அது. படிவத்தில் சந்தை மதிப்பைவிட அதிகம், மற்ற வீடுகளோடு ஒப்பிட்டால் சமமில்லை என்று இரண்டு காரணங்கள் இருக்கும். இரண்டையும் டிக் செய்.

'வரி தாங்கவில்லை' என்று மட்டும் அங்கே போய் அழாதே. வரி வீதத்தை வைப்பது நகராட்சியும் பள்ளி மாவட்டமும் கவுண்டியும். வீட்டு மதிப்பைப் போடும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் ஆள் முன்னால் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: ஜனவரி 1 அன்று இந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும்? அவர்கள் ஊரிலுள்ள வீடுகளையெல்லாம் கணினியில் மொத்தமாக மதிப்பிடுகிறவர்கள். உன் வீட்டுக்குள் வந்து பார்த்தவர்கள் இல்லை.

படுக்கையறைக் கதவின் மூலையிலிருந்து சாய்வாக மேலே ஓடுகிறதே ஒரு விரிசல், அதுதான் உன் கையில் உள்ள சரக்கு. உங்கள் பக்கத்துக் கரிசல் களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும், அஸ்திவாரத்தை அசைத்துவிடும். ஒரு குவார்ட்டர் நாணயத்தை விரிசலை ஒட்டிப் பிடித்துப் படம் எடு, அகலம் தெரியட்டும். அஸ்திவாரம் பழுது பார்ப்பவரிடம் எழுத்தில் எஸ்டிமேட் வாங்கு. வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள், தொகை போட்ட தாளைக் காட்டினால்தான் எண்ணைத் தொடுவார்கள். ஆனால் இந்த ஏப்ரல் ஆலங்கட்டி மழையில் கூரை அடிபட்டது இந்த வருடக் கணக்கில் சேராது. அது ஜனவரி 1-க்குப் பிந்தியது.

சமமில்லை என்ற வாதம் இன்னும் பலமானது என்பது என் கட்சி. அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் எல்லா வீட்டு மதிப்பும் கிடைக்கும். அதே பரப்பு, அதே வயது உள்ள ஏழு வீடுகளை உங்கள் குடியிருப்பிலேயே எடு. நீச்சல் குளம் மாதிரி வித்தியாசங்களுக்குக் கூட்டிக் கழித்து வரிசைப்படுத்து. நடுவில் நிற்கும் எண்ணைவிட உன் மதிப்பு கூடுதலா? அதுவே உன் வழக்கு. அப்படியே உன் வீட்டுச் சதுர அடியைச் சரியாகப் பதிந்திருக்கிறார்களா என்றும் பார்.

வாங்கிய விலையை அரசிடம் தெரிவிக்க டெக்சஸில் கட்டாயமில்லை. நோட்டீஸ் மதிப்பைவிடக் குறைவாக வாங்கியிருந்தால் குளோசிங் ஸ்டேட்மென்ட்தான் உன் முதல் பக்கம். கூடுதலாக வாங்கியிருந்தால் நீயாகக் கொண்டுபோக வேண்டியதில்லை. போர்டில் கேட்டால் மட்டும் பொய் சொல்லாதே, சத்தியப்பிரமாணம் செய்துவிட்டுத்தான் பேசுகிறாய்.

ப்ரோட்டஸ்ட் போட்டபின் முதலில் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் மதிப்பீட்டாளரோடு பேச்சு, பல வழக்குகள் அங்கேயே முடியும். சமரசத்துக்குக் கையெழுத்துப் போட்டால் இந்த வருடக் கதை அவ்வளவுதான், நிதானமாக யோசி. படியாவிட்டால் ரிவ்யூ போர்டு. அவர்கள் காட்டப்போகும் ஆதாரத்தை இப்போதே எழுதிக் கேள், விசாரணைக்கு 14 நாள் முன்பே அவர்கள் அதைக் கொடுத்தாக வேண்டும். கால் மணி நேரம்தான் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு மூன்று நான்கு பக்கத்தில் முடி. அங்கும் ஒத்துவராவிட்டால் 60 நாளுக்குள் நடுவர் தீர்ப்புக்கோ நீதிமன்றத்துக்கோ போகலாம். நீதிமன்றம் உனக்குக் கட்டுப்படியாகாது.

குறைத்ததில் பங்கு கேட்கும் ஏஜென்ட்டுகள் வருவார்கள். மொத்த வரி வீதம் நூற்றுக்கு 2 டாலர் என்றால், மதிப்பு 30,000 குறைந்தால் வருடம் 600 மிச்சம். இந்த முறை நீயே செய், உன் கதவு மூலை அவர்களுக்குத் தெரியாது.

இன்றே ஆன்லைனில் ப்ரோட்டஸ்டைப் போட்டுவிடு, ஆதாரத்தைப் பிறகு சேர்க்கலாம். சனிக்கிழமை வீடியோவில் வா, ஏழு வீட்டையும் சேர்ந்தே தேடுவோம்.

அன்புடன்,
சித்தப்பா