ஆலைகள் அழைத்து வந்த மக்கள்

மலாய் மொழியில் 'பாசிர்' என்றால் மணல். 'கூடாங்' என்றால் கிடங்கு. 'கூடாங்' என்னும் சொல் தமிழின் 'கிடங்கு' என்பதிலிருந்து பிறந்தது என்று மொழியறிஞர் சிலர் கூறுவர். ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே, ஜொகூர் நீரிணையை ஒட்டி அமைந்துள்ளது பாசிர் கூடாங். அரை நூற்றாண்டுக்கு முன்பு அது சிறிய மீனவர் குடியிருப்பாக இருந்தது. இன்று நாட்டின் முக்கியத் தொழில் நகரங்களுள் ஒன்றாக விளங்குகிறது.

இம்மாற்றம் 1970களில் தொடங்கியது. அங்குத் தொழிற்பேட்டை உருவாக்கப்பட்டது. 1977இல் ஜொகூர் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. கப்பல் பட்டறை, செம்பனை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், இரசாயன ஆலைகள் எனத் தொழில்கள் பெருகின. 2020 நவம்பரில் பாசிர் கூடாங் மாநகரத் தகுதியைப் பெற்றது.

பிறப்பு, இறப்பு, உள்ளே குடிவருதல், வெளியே குடிபெயர்தல் ஆகிய நான்கும் ஓர் ஊரின் மக்கள்தொகையை மாற்றுகின்றன. தொழில் நகரத்தில் முதலில் மேலோங்குவது குடிவருதலே ஆகும். தோட்டங்கள் விற்கப்பட்டபோது, வேலையோடு தோட்ட வீட்டையும் இழந்த குடும்பங்கள் பல. அவர்களின் பிள்ளைகள் நாடெங்கும் தொழிற்சாலைகளை நாடிச் சென்றனர். மலேசியாவில் 1970இல் 28.4 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தில் வாழ்ந்தனர். 2020இல் இது 75.1 விழுக்காடாக உயர்ந்தது.

எண்ணிக்கை மட்டுமன்றி, மக்களின் தன்மையும் மாறுகிறது. வேலை தேடி முதலில் வருவோர் பெரும்பாலும் இளையோர். அவர்களுக்கு வாடகை அறையும் பேருந்தும் போதும். அவர்கள் திருமணம் செய்து, வீடு வாங்கிக் குடியேறிய பின்னர், பள்ளியும் மருந்தகமும் விளையாட்டுத் திடலும் தேவைப்படுகின்றன. அவர்கள் முதுமை அடையும்போது தேவைகள் மீண்டும் மாறும். ஆலைகளில் உழைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் தூய்மையான தங்குமிடம் வேண்டும்.

திட்டமிடுதல் மக்கள் பெருக்கத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். ஆலைகளின் அருகே வீடுகளும் பள்ளிகளும் பெருகினால், ஒருவர் செய்யும் தவறு பலரைத் தாக்கும். 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாக இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. நச்சு வாயுவைச் சுவாசித்த மாணவர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை நாடினர். அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன.

ஆலைகள் மக்களுக்கு வேலை தந்தன. மக்கள் அந்த ஊருக்கு உயிர் தந்தனர். ஆகவே, ஒரு தொழில் நகரின் வளர்ச்சியை அளக்க, ஆலைகளையும் மக்களையும் எண்ணினால் மட்டும் போதாது. அங்கு வாழும் பிள்ளைகள் அச்சமின்றி மூச்சுவிட முடிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

உங்கள் குடியிருப்பில் முதன்முதலில் குடியேறியவர்கள் எங்கிருந்து, எதற்காக வந்தார்கள்? பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் கதையிலும் இந்த மாற்றத்தின் ஒரு பகுதி இருக்கக்கூடும்.