கரட்டு உசில் மரத்தில் விதை எடுப்போம்

மாணவர்களே! சேலம், நாமக்கல் பக்கத்தில் அரப்பு தெரியாதவர் யார்? எண்ணெய்க் குளியலின்போது தலையில் தேய்க்கும் அந்தப் பச்சைத் தூள், உசில் மரத்தின் உலர்ந்த இலையே ஆகும். தாவரவியலார் இம்மரத்தை அல்பிசியா அமாரா என்பர். கரடுகளிலும் பாறை இடுக்குகளிலும் இது தானாகவே வளர்கிறது.

சங்ககிரி வட்டாரத்தில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். சுண்ணாம்பு மிகுந்த மண் காரத்தன்மை உடையது. அதில் இரும்புச் சத்து இருந்தாலும் வேர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. பல செடிகளின் இலைகள் வெளிறிப் போகும். அத்தகைய மண்ணில் முளைத்துப் பல கோடைகளைக் கண்ட மரத்தின் விதைக்கு, அவற்றைத் தாங்கும் இயல்பு இருக்க வாய்ப்பு அதிகம். கல்லோடு மரமும் போய்விட்டால், அந்த இயல்பும் போய்விடும். எனவே அந்த மண்ணில் நடுவதற்கான விதையை அங்கேயே எடுப்பது நல்லது.

எப்படி எடுப்பது? காய்கள் பழுப்பாகிக் காய்ந்தபின், மரத்தடியில் துணி விரித்து, துரட்டியால் கிளையை உலுக்குங்கள். ஒரே மரத்தில் எடுத்தால் கன்றுகள் யாவும் ஒரு தாயின் பிள்ளைகள். ஒரு நோய் எல்லாவற்றையும் வீழ்த்தக்கூடும். ஆகவே, தள்ளித் தள்ளி நிற்கும் பல மரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். முற்றிய விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மீதி அந்தக் கரட்டுக்கே உரியது. பெரியவர் துணையின்றிப் பாறையில் ஏறாதீர்கள். கல்வெட்டுக் குழியின் ஓரத்தை நெருங்காதீர்கள். காப்புக்காடானால் வனத்துறையின் அனுமதி வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் விதைகளை நிழலில் உலர்த்துங்கள். சிறு வட்டத் துளை உள்ளவற்றை நீக்குங்கள். உள்ளிருந்த பருப்பை வண்டின் புழு தின்றிருக்கும். எந்த மரம், எந்த இடம், எந்த நாள் என்று எழுதித் துணிப்பையில் கட்டி வையுங்கள்.

வேப்பம் விதை சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழக்கத் தொடங்கும். உசில் விதையோ கடினமான தோலுக்குள் உறங்கும். தோல் வழியே நீர் புகுந்தால்தான் விழிக்கும். இதை நீங்களே சோதிக்கலாம். 20 விதைகளை எடுத்து, 10 விதைகளின் ஓரத்தை மட்டும் சொரசொரப்பான கல்லில் இலேசாகத் தேயுங்கள். உள்ளே வெண்மை தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். மற்ற 10 விதைகளை அப்படியே விடுங்கள். இரண்டையும் ஓர் இரவு நீரில் ஊறவைத்து, தனித்தனிச் சட்டியில் விதையுங்கள். தினமும் முளைகளை எண்ணிக் குறியுங்கள். எந்தச் சட்டி முந்துகிறது? ஏன்?