கழிவு எங்கிருந்து வருகிறது? கரையில் நடந்து கண்டுபிடிக்கலாம்

காவிரித் தண்ணீர் வயலுக்கு வந்து சேர்ந்தால் போதும் என்றிருந்த காலம் மாறிவிட்டது. அந்தத் தண்ணீரில் என்ன கலந்து வருகிறது என்பதையும் விவசாயிகள் கவனிக்க வேண்டியுள்ளது. திருச்சி நகருக்குள் ஓடும் உய்யக்கொண்டான் கால்வாய் இதற்கு நல்ல உதாரணம். பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் இக்கால்வாய், ராஜராஜ சோழன் காலத்தில் வெட்டப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. புத்தூர், பாலக்கரை வழியாக நகரைக் கடந்து வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. இதன் ஆயக்கட்டு சுமார் 32,000 ஏக்கர். நகரைக் கடக்கும்போது சாக்கடை நீரும் இதில் சேர்ந்துவிடுகிறது. கடைமடையில் கீரை பயிரிடுபவரும், ஏரியில் மீன் வளர்ப்பவரும் அந்த நீரைத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

சிப்பி கற்றுத் தந்த பாடம்

சிப்பியும் மட்டியும் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டி, அதிலுள்ள நுண்ணிய உணவைத் தின்று வாழ்கின்றன. தண்ணீரில் சாக்கடை கலந்தால் நோய்க்கிருமிகளும் அவற்றின் உடலில் சேரும். 1924-25 குளிர்காலத்தில் அமெரிக்காவில் அசுத்த நீரில் எடுத்த சிப்பிகளைத் தின்ற பலருக்கு டைபாய்டு கண்டது. அதன் விளைவாக 1925-இல் அந்நாட்டில் சிப்பி சுகாதாரத் திட்டம் தொடங்கியது. சிப்பி எடுக்கும் நீர்நிலையின் கரை முழுவதையும் ஆராய்ந்து, அசுத்தம் வரும் வழிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் முக்கிய விதி. ஆண்டுதோறும் சரிபார்ப்பும், 3 ஆண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடும், 12 ஆண்டுக்கு ஒருமுறை முழு ஆய்வும் உண்டு.

நீரைப் பரிசோதித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. சாக்கடை ஒரே சீராக வருவதில்லை. காலையில் அதிகம், நண்பகலில் குறைவு. மழை பெய்தால் நிலைமை வேறு. ஒரு பாட்டில் நீர் அந்த நேரத்து நிலையை மட்டுமே சொல்லும். கரையில் நடந்தால்தான் காரணம் தெரியும்.

எப்போது நடப்பது?

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். அணை மூடியிருக்கும் கோடையில் ஒருமுறையும், முதல் மழைக்குப் பின் ஒருமுறையும் நடக்க வேண்டும். மழையில்லாத நாளில் மழைநீர் வடிகாலில் நீர் ஓடினால், அது பெரும்பாலும் கழிவுநீரே.

எதைக் குறிப்பது?

கால்வாயின் வரைபடத்தைக் கையால் வரைந்துகொண்டு இரு கரைகளிலும் நடக்க வேண்டும். ஒவ்வொரு குழாய்க்கும் வடிகாலுக்கும் எண் கொடுத்து, நாள், நேரம், நிறம், நாற்றம் ஆகியவற்றை எழுத வேண்டும். குழாய்களோடு நின்றுவிடக் கூடாது. கரையோர மாட்டுத் தொழுவம், எருக்குழி, பன்றிக் கொட்டில், மலங்கழிக்கும் இடம், கழிவுநீர் லாரி கொட்டும் இடம் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். இவை இன்று கலக்காவிட்டாலும் மழையில் கலக்கும். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போன்ற படித்துறைகளில் விடப்படும் துணி, மாலை, பூசைப் பொருள்களும் கணக்கில் சேரும்.

அளவு காண்பது எளிது. 10 லிட்டர் வாளி 20 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு அரை லிட்டர். அப்படியே ஓடினால் ஒரு நாளில் 43,200 லிட்டர். எந்த வடிகாலை முதலில் தடுக்க வேண்டும் என்பதை இக்கணக்கு காட்டிவிடும்.

கறுத்த சேறு, அழுகிய முட்டை நாற்றம், ஓரிடத்துக்குக் கீழே மட்டும் செழிக்கும் ஆகாயத்தாமரை, சேற்றில் நெளியும் சிவப்புப் புழு, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது ஆகியவை எச்சரிக்கைகள்.

மாதிரி எடுப்பது

சந்தேகமான வடிகாலுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு மாதிரிகளாவது வேண்டும். ஆய்வகத்தில் கிருமி நீக்கித் தரும் பாட்டிலையே பயன்படுத்த வேண்டும். பாட்டிலின் வாய் நீரோட்டத்தை எதிர்நோக்கியிருக்க, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே சேர்ப்பிக்க வேண்டும். பச்சையாகத் தின்னும் காய்கறிக்குப் பாயும் நீரில் 100 மில்லி லிட்டருக்கு 1,000 மலக் கோலிஃபார்ம் கிருமிகளுக்கு மேல் இருக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989-இல் வரையறுத்தது. சிப்பி எடுக்கும் நீருக்கு அமெரிக்க அளவு வெறும் 14 தான்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

அசுத்தம் தெரிந்தால் அந்நீரைக் கொத்தமல்லி, வெள்ளரி, கீரை ஆகியவற்றுக்குப் பாய்ச்சாமல், வாழை, கரும்பு போன்றவற்றுக்குப் பயன்படுத்தலாம். தெளிப்பு முறையை விட்டு, சால்களில் பாய்ச்ச வேண்டும். பறித்த கீரையைக் கால்வாயில் அலசக் கூடாது. அதிலிறங்கி வேலை செய்தவர்கள் கை கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மீன் குட்டைக்கு நாற்றமுள்ள நீரை விடக் கூடாது.

விவசாயிகள் பங்கும் இதில் உண்டு. எருக்குழியைக் கரையிலிருந்து தள்ளி அமைக்க வேண்டும். பூச்சிமருந்து டப்பாவையும் தெளிப்பானையும் கால்வாயில் கழுவக் கூடாது. முக்கொம்பில் பிரியும் கொள்ளிடம் பழையாறு அருகே கடலில் கலக்கிறது. இங்கே கலப்பது கழிமுகத்து மட்டியையும் மீனையும் எட்டக்கூடும்.

வரைபடத்தையும் வடிகால் பட்டியலையும் பாசன சங்கத்தின் மூலம் நீர்வளத் துறைக்கும், மாநகராட்சிக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் திருச்சி அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் கொடுக்கலாம். "கால்வாய் நாறுகிறது" என்ற பொதுப் புகாரைவிட, "7-ஆம் எண் வடிகால், நாளொன்றுக்கு 43,200 லிட்டர்" என்ற விவரத்தின் மேல் நடவடிக்கை எடுப்பது எளிது.