ஷாம்போலியன் கற்ற மொழி

பிரெஞ்சு நாட்டில் பிஜாக் என்னும் சிற்றூரில் புத்தக வாணிகர் ஒருவர் வாழ்ந்தார். அவருடைய கடைசி மகனாக 1790ஆம் ஆண்டில் பிறந்தவன் ஷாம்போலியன். தாயார் ஓதக் கேட்டு மனப்பாடம் செய்த வழிபாட்டு உரைகளை அச்சு நூலோடு ஒப்பிட்டு, எவ்வொலிக்கு எவ்வெழுத்து என்று தானே கண்டறிந்து, அவன் இளமையிலேயே படிக்கத் தொடங்கினான் என்பர். தெரிந்ததைத் துணையாகக் கொண்டு தெரியாததை அறியும் அம்முறையே பின்னர் அவனுக்குப் பெரிதும் கைகொடுத்தது.

பத்து வயதில் அவன் கிரெனோபிள் நகரில் இருந்த தமையனிடம் வந்து சேர்ந்தான். தமையனோ எகிப்துக்குச் செல்ல விரும்பி, அவ்வாய்ப்புக் கிட்டாது போனவர். தம்பிக்கு வேண்டிய நூல்களைத் தேடித் தருவதில் அவர் சலித்ததே இல்லை. 1804ஆம் ஆண்டில் சிறுவன் அரசினர் பள்ளி விடுதியில் சேர்ந்தான். அங்கே நிலவியது பட்டாளத்து ஒழுங்கு. கணக்குப் பாடம் அவனுக்கு எட்டிக்காயாகக் கசந்தது. எபிரேயம், அரபு, சிரியம் ஆகிய மொழிகளிலேயே அவன் மனம் தோய்ந்தது. விளக்கணைந்த பின்னரும் மறைவாகப் படித்தான் என்று கூறுவதுண்டு. மாணவர்கள் அவனுடைய ஆர்வத்தைக் கொள்ளலாம். அவ்வழக்கத்தைக் கொள்ள வேண்டா.

அவனை முற்றும் ஆட்கொண்ட மொழி காப்டிக் ஆகும். அது பண்டை எகிப்திய மொழியின் கடைசி வடிவம். கிரேக்க எழுத்துகளோடு பழைய எகிப்திய எழுத்துகள் சிலவற்றையும் சேர்த்து அதனை எழுதினர். மக்களின் பேச்சில் வழக்கொழிந்து, எகிப்தியக் கிறித்தவர்களின் வழிபாட்டில் மட்டும் அது எஞ்சி நின்றது. பேசிப் பழகத் துணை இல்லை. கற்றால் பொருள் வரும் என்று சொல்வாரும் இல்லை. ஆயினும் அவன் கிடைத்த நூல்களைக் கொண்டு சொற்களைத் திரட்டினான். எகிப்திய ஊர்ப்பெயர்களுக்கு அம்மொழியால் விளக்கம் தேடினான். 1807ஆம் ஆண்டில் கிரெனோபிள் அறிஞர் அவையில் அதுபற்றிய கட்டுரையைப் படித்தபோது அவனுக்கு வயது பதினாறு. பின்னர்ப் பாரிசில், தனக்குத்தானே காப்டிக் மொழியில் பேசிக்கொள்ளும் அளவுக்குத் தேர்ந்தான்.

1799ஆம் ஆண்டில் எகிப்தில் ரொசெட்டாக் கல் கிடைத்தது. கிரேக்கத்திலும் இருவகை எகிப்திய எழுத்துகளிலும் ஒரே அரசாணை அதில் பொறிக்கப்பட்டிருந்தது. ஆங்கில அறிஞர் தாமஸ் யங் அதன் சித்திர எழுத்துகள் சிலவற்றின் ஒலியைக் கண்டறிந்தார். இளமையிலேயே பன்மொழி பயின்றவர் அவர். ஆனால், காப்டிக் மொழியில் ஷாம்போலியனுக்கு இருந்த பயிற்சி அவருக்கு இல்லை.

1822 செப்டம்பரில், எகிப்தியக் கோயில் ஒன்றிலிருந்து எழுதிவந்த படிகளை ஷாம்போலியன் ஆராய்ந்தார். நீள்வட்டக் கோட்டுக்குள் ஓர் அரசன் பெயர் இருந்தது. அதன் இறுதியில் நின்ற இரு குறிகளும் 'ஸ்' என்பது அவர் முன்பே அறிந்தது. முதற்குறி வட்டம், அது கதிரவனைக் குறிக்கலாம். கதிரவனுக்குக் காப்டிக்கில் 'ரே' என்று பெயர். இடையில் இருந்த குறியோ, ரொசெட்டாக் கல்லில் பிறந்தநாளைக் கூறும் இடத்தில் வருவது. பிறத்தலுக்குக் காப்டிக்கில் 'மிசே' என்பர். சேர்த்துப் படித்தார்: ராம்சேஸ்! மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட வேந்தன் பெயர் அது.

தாள்களை வாரிக்கொண்டு அவர் தமையனின் அலுவலகத்துக்கு ஓடினார் என்றும், கண்டுவிட்டதாகக் கூவி அவர் முன்னே மயங்கி விழுந்தார் என்றும் கூறுவர்.